புதுத் தண்ணீரின் இருபது நாள்

பழைய மீன்தொட்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் எல்லாவற்றையும் செய்கிறார்கள். விற்றவர் தண்ணீரை வடித்து, கண்ணாடியைத் துடைத்து, கற்களை அலசி, ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து காயவைத்துக் கொடுத்திருப்பார். வாங்கியவர் இன்னொரு முறை கழுவுவார். குழாய்த் தண்ணீரை நிரப்பி, கடையில் கொடுத்த ஆன்டி குளோரின் சொட்டுகளை விட்டு, அன்றைக்கே எட்டுப் பத்து மீன்களை இறக்கிவிடுவார். முதல் இரண்டு மூன்று நாள் குறையிருக்காது. அதன்பின் ஒரு மீன் இரை எடுக்காமல் மூலையில் ஒதுங்கும், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், மறுநாள் மிதக்கும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். தண்ணீரோ பளிங்குபோலத் தெளிவாக இருக்கும். கடைக்காரர் நோய்ப்பட்ட மீனைத் தள்ளிவிட்டார், கரன்ட் போனபோது காற்று நின்றுவிட்டது, இந்த வீட்டுக்கு மீன் ராசியில்லை என்று பல காரணங்கள் பேசப்படும். இந்தச் சாவுக்கான கால இடைவெளி 1877லேயே பிரான்சில் அளக்கப்பட்டுவிட்டது. அளந்தவர்கள் மீனைப் பற்றி ஆராயவில்லை. சாக்கடை நீரைப் பற்றி ஆராய்ந்தார்கள். அந்த அறிவு வீட்டுக் கூடத்துத் தொட்டிவரை வந்துசேரத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஏன் அவ்வளவு தாமதம்? தொட்டி வளர்ப்பின் தொடக்கத்திலேயே, பாதி மட்டும் உண்மையான, ஆனால் மிக அழகான கோட்பாடு ஒன்று வந்து அமர்ந்துகொண்டது. மீன் சாகும்போது வெளியே தெரியும் அடையாளமும் அந்தக் கோட்பாட்டுக்கே சாட்சி சொல்வதுபோல இருந்தது. தாமதத்துக்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் வாதம்.

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வைத்துப் பார்க்கும் வழக்கத்தை ஒருவர் மட்டும் தொடங்கிவைக்கவில்லை. தையல் தொழிலிலிருந்து இயற்கை ஆய்வுக்கு வந்த ழான் வில்லெப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, 1832இல் சிசிலித் தீவின் மெசினாவில் இதற்கென்றே தொட்டிகள் செய்தார். ஆர்கோனாட் என்னும் எண்காலி இனம் தன் மெல்லிய ஓட்டைத் தானே உண்டாக்குகிறதா, வேறு உயிரிடமிருந்து எடுத்துக்கொள்கிறதா என்பது அவர் தீர்க்க விரும்பிய கேள்வி. தானே உண்டாக்குகிறது என்று காட்டினார். 1846இல் ஆனா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். கடல் தொலைவில் இருந்ததால் இருக்கும் நீரையே காப்பாற்ற வேண்டியிருந்தது. வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னலுக்கு எதிரே நின்று, நாள்தோறும் அரைமணி முக்கால்மணி நேரம் அந்த நீரைப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினாள். அந்தப் பெண்ணின் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை. உழைப்பு மட்டும் பதிவாகியிருக்கிறது. தொட்டி நீருக்குக் காற்றூட்டுவது என்பது அவள் கைகளிலிருந்து தொடங்கிய வேலை என்று சொன்னால் தவறில்லை. அதே காலத்தில் நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் தாமாகவே பல ஆண்டுகள் வாழும் என்று காட்டியிருந்தார். செடி மூடிய பெட்டிக்குள் வாழுமானால் மீன் ஏன் வாழாது என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது.

அதற்குப் பதில் சொன்னவர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் மருந்தாளர் சங்கத்தில் வேதியியலராக இருந்தவர். 1849இல் சுமார் 12 கேலன், அதாவது 54 லிட்டர் அளவுள்ள கலத்தில் ஆற்று மணலையும் சேற்றையும் கூழாங்கற்களையும் பரப்பி, வாலிஸ்நேரியா என்னும் நாடாப் பாசியை நட்டு, இரண்டு சிறிய பொன்மீன்களை விட்டார். இலைகள் அழுகி நீர் கலங்கியபோது சில நத்தைகளைச் சேர்த்தார். நத்தைகள் அழுகலைத் தின்றன, அவற்றின் முட்டைகளை மீன் தின்றது, நீர் தெளிந்தது. மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி வெளிவிடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்கிறது, நத்தை துப்புரவு செய்கிறது. ஆகவே நீரை மாற்றவே தேவையில்லை. 1850 மார்ச்சில் லண்டன் வேதியியல் சங்கத்தில் அவர் படித்த கட்டுரையின் சாரம் இது. ‘சமநிலைத் தொட்டி’ என்ற எண்ணம் இப்படித்தான் பிறந்தது. கண்ணாடி மீதான வரியை பிரிட்டன் 1845இல் நீக்கியிருந்தது, கண்ணாடி மலிவாகியிருந்தது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் தொட்டியைக் கொண்டுவந்து சேர்த்தது. பத்தாண்டுகளுக்குள் அந்த மோகம் அடங்கியும்விட்டது. கோஸின் மகன் எட்மண்ட், 1907இல் வெளிவந்த நினைவு நூலில், தன் தந்தையின் எழுத்தால் உந்தப்பட்டுக் கடற்கரைப் பாறைக் குழிகளை மக்கள் வெறுமையாக்கியதை வேதனையோடு எழுதினார். அப்படி அள்ளிக்கொண்டுபோன உயிர்களில் பெரும்பங்கு கண்ணாடிக்குள் செத்துத்தான் போயிருக்கும். மோகம் தணிந்ததற்கு நாகரிக மாற்றமே காரணம் என்று சொல்லிவிடலாம்; வீட்டுத் தொட்டியில் நாறும் நீரும் செத்த மீனும் அதற்கு உதவவில்லை என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

வாரிங்டனின் கணக்கில் வராத பொருள் அம்மோனியா. மீன் தின்னும் இரையில் உள்ள புரதம் உடலில் எரிந்து முடிந்ததும், அதன் நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகவே நீரில் கலக்கிறது. 40 சதவீதம் புரதம் உள்ள இரையில் ஒரு கிராம் எடுத்துக்கொண்டால் அதில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். அதில் பாதிக்குச் சற்று மேல் அம்மோனியாவாக வெளியேறினாலும், 50 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு லிட்டருக்கு முக்கால் மில்லிகிராம் அளவு ஏறிக்கொண்டே போகும். இதில் எவ்வளவு நஞ்சாக வேலைசெய்யும் என்பது நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் அளவே செவுளைத் துளைக்கும் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். அம்மோனியா உடைந்து உண்டாகும் நைட்ரைட்டும் நஞ்சே. அது இரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினைப் பழுப்பாக்கி, ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்கிறது. இரண்டிலுமே மீன் மேலே வந்து வாய் பிளக்கும். தொட்டி முழுக்க ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு இது காற்றுக் குறைவாக மட்டுமே படும். சமநிலைக் கோட்பாடு ஆக்சிஜனைப் பற்றியது. சாகும் மீனும் ஆக்சிஜனையே கேட்பதுபோலத் தோன்றியது. ஒவ்வொரு சாவும் கோட்பாட்டை மறுப்பதற்குப் பதிலாக உறுதிப்படுத்திக்கொண்டே வந்தது.

வாரிங்டனின் தொட்டியில் மீன் சாகவில்லையே, அப்படியானால் அவர் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். சாகவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் வைத்தவை இரண்டே சிறிய மீன்கள், 54 லிட்டர் நீருக்கு. வேகமாக வளரும் நாடாப் பாசி அம்மோனியாவை உரமாக உறிஞ்சிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்று மணலையும் சேற்றையும் அவர் கழுவி உலர்த்திய பொருளாகக் கொண்டுவரவில்லை. அதில் ஏற்கெனவே குடியிருந்த நுண்ணுயிர்களையும் அறியாமலேயே சேர்த்துக் கொண்டுவந்தார். அவர் தொட்டி பிழைத்ததற்கு அவர் சொன்ன காரணம் ஒரு பகுதிதான். சொல்லாமல் விட்டது பெரிய பகுதி. பின்பற்றியவர்கள் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சுத்தமான கடைச் சரளை, சில செடிகள், நிறைய மீன் என்று அமைத்தார்கள். அம்மோனியாவைக் கண்டுபிடிக்க அப்போது வழியில்லை என்றும் சொல்ல முடியாது. யூலியஸ் நெஸ்லர் 1856இலேயே அதற்கான வினைப்பொருளை வெளியிட்டிருந்தார். குடிநீரைச் சோதிக்கும் வேதியியலர்கள் அதைக் கையில் வைத்திருந்தார்கள். ஆனால் தொட்டி வளர்ப்போர் நடுவே அது வழக்கமான கருவியாகவில்லை. காரணம் ஆக்சிஜன்தான் என்று தெரிந்துவிட்ட பிறகு வேறொன்றை ஏன் தேடவேண்டும் என்று நினைத்தார்கள் போலும்.

இந்தக் காலத்தில் கோட்பாட்டைவிட அனுபவம் முன்னே போயிருந்தது என்பதற்கு வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட் நல்ல சான்று. லண்டனில் தொட்டிக்கடை நடத்தி, 1862இல் திவாலாகி, பிறகு ஹாம்பர்க் காட்சியகத்திலும் 1871இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்திலும் நீரமைப்பை வகுத்தவர். பார்வையாளர் காணும் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தை அடித்தளத்தில் இருட்டில் கட்டி, நீரை இரவும் பகலும் இடைவிடாமல் சுற்றவிட்டார். அதே கடல்நீர் ஆண்டுக்கணக்கில் கெடாமல் நின்றது. இதற்கு அவர் சொன்ன விளக்கமும் காற்றுதான்: அசையும் நீர் ஆக்சிஜனைப் பெறுகிறது, அழுக்கு எரிந்துபோகிறது. இன்று பார்த்தால், அந்த இருட்டுத் தேக்கத்தின் சுவர்களும் குழாய்களின் உட்புறமும் நுண்ணுயிர்கள் படர்வதற்குக் கிடைத்த பெரும் பரப்பு. வீட்டுத் தொட்டிகளிலும் இதுபோல ஒரு நல்ல பழக்கம் தவறான காரணத்தோடு இருந்தது. இரும்புச் சட்டமும் ஸ்லேட் அடித்தளமும் கொண்ட அக்காலத் தொட்டிகளை ஒட்டிய புட்டி என்னும் பசையில் ஈயக் கலவை இருந்தது. அதன் நஞ்சு இறங்க வேண்டும் என்பதற்காக, மீனை விடுமுன் சில வாரங்கள் நீர் ஊற்றி வைத்துப் பழக்கும்படி கையேடுகள் அறிவுறுத்தின. 1960களில் சிலிக்கான் பசை வந்து முழுக் கண்ணாடித் தொட்டிகள் பரவியபோது, புட்டியோடு அந்தக் காத்திருப்பும் போயிற்று. ஈயத்துக்காகக் காத்திருந்தபோது நீரும் கொஞ்சம் பழகியிருந்தது என்பதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

விடை வந்த இடம் மீனுக்குத் தொடர்பில்லாதது. 1877இல் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு வேதியியலர்கள் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்லச் சொட்டவிட்டார்கள். முதல் இருபது நாள் உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதற்குப்பின் நைட்ரேட் தோன்றியது. சில நாளில் அம்மோனியா முழுதும் மறைந்தது. இது வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். இருபது நாள் காத்திருக்கத் தேவையில்லை. குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே விட்டார்கள், நைட்ரேட் நின்றது. பின்னர் அதை நீக்கி, சிறிது மண்ணைக் கரைத்த நீரை ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. உயிர் ஒன்று உள்ளே வளர்ந்து இந்த வேலையைச் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கேட்க முடியாது. புதுத் தொட்டியில் நிகழும் எல்லாமே இந்தச் சோதனையில் இருக்கிறது: முதல் மூன்று வாரத்தின் ஆபத்து, மருந்தால் அது நின்றுபோவது, பழைய மண்ணை ஊற்றினால் திரும்புவது. குழாயில் மீன் மட்டும்தான் இல்லை.

அடுத்து வரும் செய்தி இந்த வரலாற்றில் என்னை மிகவும் நிறுத்திவைப்பது. பிரெஞ்சுச் சோதனையைக் கையிலெடுத்து அடுத்த பத்தாண்டுகளுக்கு மேல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் தொடர்ந்தவர், சமநிலைத் தொட்டியைத் தந்த வாரிங்டனின் சொந்த மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். இந்த மாற்றம் இரண்டு படிகளில், இரண்டு வெவ்வேறு உயிர்களால் நடக்கிறது என்று அவர் காட்டினார்: ஒன்று அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது, மற்றொன்று நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. வெளிச்சம் இந்த வேலைக்கு இடையூறு என்றும் கண்டார்; லாயிடின் தேக்கம் இருட்டில் இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்த உயிர்களைப் பிரித்தெடுக்க அவர் ஆண்டுக்கணக்கில் முயன்றும் முடியவில்லை. 1890இல் சூரிச்சில் செர்கெய் வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். தந்தை 1867இல் இறந்துவிட்டார். மகனின் முடிவுகளைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. மகனோ வயலின் மண்ணுக்கும் கோதுமைக்குமாகத்தான் இதை ஆராய்ந்தார். தந்தையின் தொட்டியில் மீன் ஏன் பிழைத்தது என்பதற்கான விளக்கம் அதே குடும்பத்தில், அதே வேதியியல் சங்கத்தின் உறுப்பினர் ஒருவரின் குறிப்பேட்டில் இருந்தது. செய்தி எட்டாத தூரத்தில் இருந்ததால்தான் தாமதம் என்று சொல்வதை இந்த ஒரு சான்று மறுத்துவிடுகிறது.

சாக்கடைத் துறை இதற்குள் வெகுதூரம் போய்விட்டது. மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கழிவுநீரில் காற்றைச் செலுத்தி அம்மோனியா முழுதும் மாறும்வரை காத்திருந்தால் முதல் முறை சுமார் ஐந்து வாரம் ஆனது. பின்பு தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு புதுக் கழிவுநீரைச் சேர்த்தார்கள். இப்படியே திரும்பத் திரும்பச் செய்ததில் ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் முடியும் நிலை வந்தது. பாலுக்கு உறை ஊற்றுவதுதான் இது. முந்தைய தயிரில் கொஞ்சம் எடுத்துவைக்காதவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். இன்று உலகின் பெருநகரங்களில் கழிவுநீர் சுத்திகரிப்பு பெரும்பாலும் இந்த முறையில்தான் நடக்கிறது. நீரை எறிந்துவிடலாம், சேற்றை எறியக்கூடாது என்பது 1914லேயே பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே ஆண்டுகளில் தொட்டி வளர்ப்போர் நீரைப் பத்திரமாகச் சேர்த்துவைத்து, சேற்றைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய காட்சியகங்களுக்கு ஏன் இந்த அறிவு தேவைப்படவில்லை என்று கேட்டால், அவற்றில் பலவற்றுக்கு வேறு வழி இருந்தது. சென்னையில் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முன்னெடுத்த மீன் காட்சியகம் 1909இல் மெரினா கடற்கரையிலேயே அமைந்தது; இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் அதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. கடலை ஒட்டியிருக்கும் காட்சியகத்துக்குப் புதுநீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அம்மோனியா சேர்வதற்குமுன் நீரை மாற்றிவிடலாம். கடலிலிருந்து விலகி இருந்தவை லாயிடின் வழியில் பெரிய தேக்கத்தை வைத்துக்கொண்டன. இரண்டு வசதியும் இல்லாதது வீட்டுத் தொட்டி ஒன்றுதான். அங்கே சமநிலைக் கோட்பாடு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அசையவில்லை. நியூயார்க் மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ் 1949இல் சமநிலைத் தொட்டியைக் கட்டுக்கதை என்றே எழுதினார். தொட்டிக்குள் காற்றுப் பரிமாற்றம் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பில் நடக்கிறது, செடிகளால் அன்று என்பது அவர் வாதம். அது ஆக்சிஜன் பிரச்சினையைத் தீர்த்தது. 1950களில் அமெரிக்காவில் சரளைக்கு அடியில் வைக்கும் ஃபில்டர் பரவியது. ஜப்பானில் சேக்கி 1958இல் மூடிய சுழற்சித் தொட்டிகளில் எவ்வளவு வடிகட்டி மணல் எத்தனை மீனைத் தாங்கும் என்பதற்குக் கணக்கு வகுத்தார். 1970இல் வெளிவந்த ஸ்டீபன் ஸ்பாட்டின் நூல் உயிரியல் வடிகட்டலை நீர்ப் பராமரிப்பின் நடுவில் வைத்தது. 1877இலிருந்து எண்ணினால் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள்.

செகண்ட் ஹேண்ட் தொட்டி இந்த வரலாறு முழுவதையும் சில வாரத்துக்குள் திரும்பக் காட்டிவிடுகிறது. சில சமயம் தொட்டியோடு மீனும் சேர்ந்தே விலைக்கு வருவதுண்டு. விற்றவர் வீட்டில் மூன்று ஆண்டு வாழ்ந்த அதே மீன், அதே கண்ணாடி, அதே இரை. வாங்கியவர் வீட்டில் பத்து நாளில் செத்துப்போகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மாறியது என்ன என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதில்லை. பஞ்சிலும் சரளையிலும் கண்ணாடியின் உட்புறத்திலும் வழுவழுப்பான படலமாக ஒட்டியிருக்கின்றன. குளோரின் கலந்த குழாய்நீரில் பஞ்சை அலசினால் அவற்றில் பல சாகும். வெயிலில் காயவைத்தால் ஏறக்குறைய எல்லாமே சாகும். அவை பெருகும் வேகமும் குறைவு. குடலில் வாழும் எஷ்சரிஷியா கோலை போன்ற பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோ ஆகும். அதனால்தான் முதல் வாரத்தில் அம்மோனியா ஏறுகிறது; இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அது இறங்கி நைட்ரைட் ஏறுகிறது; நான்கு முதல் ஆறு வாரத்தில் இரண்டும் அடங்கி நைட்ரேட் மட்டும் மிஞ்சுகிறது. கேன் கேனாகப் பழைய தண்ணீரைச் சுமந்துவந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அதனால் பிஎச், உப்பு அளவு மாறாமல் இருக்கும். அதற்குமேல் பெரிய பயன் இல்லை. காப்பாற்ற வேண்டியது பஞ்சும் சரளையும்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய தொட்டியில் மீன் சாவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றனவே, எல்லாவற்றையும் நுண்ணுயிர் மேல் போடுவது சரியா என்பது. சரியல்ல. குழாய்நீரின் குளோரின் செவுளை எரிக்கும். சோப்புத்தூள், பினாயில் போட்டுக் கழுவியிருந்தால் அது மூலைகளில் தங்கியிருக்கும். முன்பு நோய்க்குச் செப்பு மருந்து போட்டிருந்தால் சுண்ணாம்புத் தன்மையுள்ள கல்லில் அது படிந்திருந்து பிறகு மெல்ல வெளியேறலாம். இறாலும் நத்தையும் அதைத் துளியும் தாங்காது. கொசுவிரட்டி தெளித்த அறையின் காற்றை ஏர் பம்ப் உறிஞ்சி நீருக்குள் செலுத்தும். ஆனால் இவை வேலைசெய்யும் நேரம் வேறு. குளோரினும் சோப்பும் மணிக்கணக்கில் கொல்லும், எல்லா மீனையும் ஒருசேரத் தாக்கும். வெப்ப அதிர்ச்சி அன்றைக்கே தெரியும். நோய் உடலில் புள்ளியாகவோ புண்ணாகவோ துடுப்பு அரிப்பாகவோ அடையாளம் காட்டும். உடலில் குறையில்லாமல், தெளிந்த நீரில், மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் நீளும் சாவு வேறு எதற்கும் பொருந்துவதில்லை. சொட்டு மருந்தாகக் கடையில் கிடைக்கும் அம்மோனியா, நைட்ரைட் சோதனைகள் இதை ஐயமின்றிச் சொல்லிவிடும். தெளிந்த நீர் நல்ல நீர் என்று கண் சொல்வதை நம்பக்கூடாது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

இன்னொரு மறுப்பு நம் ஊரிலிருந்தே வரும். கிணற்றில் கொசுப் புழு தின்ன மீன் விட்டார்கள், சிமென்ட் தொட்டியில் வளர்த்தார்கள், ஏரிகளில் காலங்காலமாக மீன் வளர்ந்தது. யாரும் நுண்ணுயிரைப் பற்றி நினைக்கவில்லை, மீனும் சாகவில்லை என்பது. கிணற்றில் ஆயிரக்கணக்கான லிட்டர் நீருக்கு ஒரு கைப்பிடி மீன். யாரும் இரை போடுவதில்லை. சுவரும் அடிமண்ணும் பாசியுமாகப் பெரும் பரப்பு. ஏரியில் சொல்லவே வேண்டாம். அங்கெல்லாம் வாரிங்டனின் சேறு தானாகவே இருக்கிறது. பனையேறிக் கெண்டையும் விராலும் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பைப் பெற்றவை. செவுள் பழுதாகும் நீரிலும் மற்ற மீனைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். மீன் வளர்ப்போர் காலங்காலமாக வைத்திருக்கும் சில பழக்கங்கள் ஆய்வுக்கு முன்பே சரியான திசையில் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். மீன் வாடினால் கல் உப்புப் போடுவது அவற்றில் ஒன்று. உப்பிலுள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் வழியிலேயே போட்டியிட்டு அதைத் தடுக்கிறது. இரண்டாம் வாரத்துச் சாவுக்கு அது உண்மையான மருந்து. முதல் வாரத்து அம்மோனியாவுக்கு அதனால் பயனில்லை. அதற்குப் பாதித் தண்ணீரை மாற்றுவதும் இரையை நிறுத்துவதும்தான் வழி.

வண்ண மீன் மொத்த வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரில் கிடைக்கும் மீனைப் பையிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போது நிகழும் திடீர் இறப்பையும் இதே வேதியியல் விளக்குகிறது. கட்டிய பைக்குள் மீன் வெளிவிடும் கரியமில வாயு நீரை அமிலமாக்கும். அதனால் சேர்ந்த அம்மோனியா பெரும்பாலும் தீங்கில்லாத வடிவிலேயே இருக்கும். வீட்டுக்கு வந்து பையைத் திறந்து, காரமான ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றிப் பழக்கினால் பிஎச் ஏறும். பைக்குள் சேர்ந்திருந்த அம்மோனியா நஞ்சாக மாறும். நெடுந்தூரம் பயணம் செய்த மீனை, வெப்பம் சமமானதும் வலையால் எடுத்துத் தொட்டிக்குள் விட்டு, பை நீரைக் கீழே ஊற்றிவிடுவது இதனால்தான் நல்லது.

வினோகிராட்ஸ்கி வழியில் வந்த பாடநூல்கள் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரு பெயர்களை நூறாண்டு காலம் சொல்லிவந்தன. 1990களின் இறுதியில் டிமதி ஹோவனெக்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் மீன்தொட்டிகளின் படலத்தை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது நைட்ரோபாக்டரைக் காண முடியவில்லை. நைட்ரைட்டை மாற்றும் வேலையை நைட்ரோஸ்பைரா செய்துகொண்டிருந்தது. கடையில் பாட்டிலில் விற்ற பழைய நுண்ணுயிர்க் கலவைகள் பல நேரம் ஏமாற்றியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். 2005இல் சியாட்டில் மீன் காட்சியகத் தொட்டி ஒன்றிலிருந்தே, பாக்டீரியா வகையைச் சேராத ஆர்க்கியா உயிர் ஒன்று அம்மோனியாவை மாற்றுவதாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு நைட்ரோசோபுமிலஸ் என்று பெயரிட்டார்கள். நன்னீர்த் தொட்டிகளின் ஃபில்டர்களிலும் ஆர்க்கியாவே மிகுதி என்று 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2015இல் இன்னொரு பெரிய திருத்தம் வந்தது. இரண்டு படிகளையும் ஒரே உயிர் தனியாகச் செய்து முடிக்கிறது என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் அறிவித்தன. அவற்றுள் ஒன்று அதைக் கண்டெடுத்தது மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரிலிருந்து. இரண்டு உயிர்கள் வேண்டும் என்று இளைய வாரிங்டன் வகுத்த பிரிவினை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்றாகிவிட்டது. இருந்தாலும் பஞ்சைக் காயவைத்துவிட்டு அன்றைக்கே மீன் விட்ட தொட்டியில் இன்று சோதித்துப் பார்த்தாலும், ஷ்லோசிங்கும் மியூன்ட்ஸும் குழாயடியில் கண்ட இடைவெளி ஏறக்குறைய அப்படியேதான் வருகிறது. ஈரம் காயாத பழைய பஞ்சு ஒன்றை உள்ளே வைத்த தொட்டியில் அது சில நாளாகச் சுருங்குகிறது, சில நேரம் வருவதே இல்லை.